ஆயுத பூசை அன்று வைத்த தேர்வு

நீங்கள் பொய் சொன்னீர்கள். ஈப்போவில், குளிர்சாதனம் ஓடுகிற மண்டபத்தில், கையில் மைக் பிடித்துக்கொண்டு, தெரிந்தே பொய் சொன்னீர்கள்.

“நானே நேரில் போய்த் தேர்வு வைத்தேன். உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். ஒருவர்கூட இயந்திரத்தில் ஏறவில்லை. இவர்களை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் நடத்துவது?” என்று கேட்டீர்கள். முதலில் மலாயில், பிறகு ஆங்கிலத்தில். நடுவரிசையில் நம்மவர்கள் சிலர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தமிழிலும் ஒரு வரி போட்டீர்கள்: “எல்லாம் நம்ம ஆளுங்கதான் லா, என்னா செய்றது.” மண்டபம் சிரித்தது.

படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இவர் ஒரு கல்லுடைப்பு நிறுவனத்தின் மனிதவள மேலாளர். நான் அதே நிறுவனத்தின் வாசலில் நிற்கிற ஜாகா. காவல்காரன். அவருடைய கார் வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவது என் வேலை. அந்த மண்டபத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. மாநிலத்தில் சுரங்கம், கல்லுடைப்பு, மரவேலை இவற்றில் வேலைவாய்ப்பு எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு விளக்கக் கூட்டம். நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று, எங்களுக்குச் சம்பளம் போடுகிற குத்தகைக்காரர் எங்களை வேனில் ஏற்றி அனுப்பினார். ஆளுக்கு ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். அதில் ஒன்றும் வெட்கம் இல்லை.

திரையில் இரண்டு கோடுகள் காட்டினீர்கள். ஒன்று ஏறிக்கொண்டே போனது. அது மலையிலிருந்து வெளியே போகிற கல். இன்னொன்று இறங்கிக்கொண்டே வந்தது. அது வேலை செய்கிற உள்ளூர்க்காரர்கள். இறங்குகிற கோட்டின் மேல் சிவப்பு வெளிச்சத்தை வைத்து, ‘சிக்காப்’ என்றீர்கள். மனப்போக்காம். எங்கள் மனப்போக்கு சரியில்லையாம்.

நான் கையைத் தூக்கினேன். மைக் கொண்டுவந்த பெண் என் சீருடையைப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார். தேநீர் தயார் என்று அறிவித்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதி வராது. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தக் கோடு எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியும். நான் அதிலேயே இறங்கி வந்தவன்.

என் அப்பா செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தைப் பற்றி உருகி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. லயத்து வீட்டில் மழை பெய்தால் வாளி வைக்க வேண்டும். கக்கூசுக்கு வரிசையில் நிற்க வேண்டும். தோட்டத்தை விற்றார்கள், எங்களைப் போகச் சொன்னார்கள், போனோம். இப்போது அங்கே சுவர் கட்டிய வீடுகள் இருக்கின்றன. அதன் வாசலிலும் நம்மவர் ஒருவர்தான் ஜாகா. ஈயச் சுரங்கங்கள் அதற்கு முன்பே மூடிப்போயிருந்தன. அந்தக் குட்டைகளில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுகிறார்கள். மிச்சம் இருந்தவை இரண்டே இடங்கள்தான். உடம்பில் தெம்பு இருந்தவன் சுண்ணாம்பு மலைக்கோ காட்டுக்கோ போனான். நான் மலைக்குப் போனேன். என் தம்பி காட்டுக்குப் போனான்.

நான் மலையில் துளை போடுகிற டிரில் ஓட்டினேன். அந்தத் துளைகளில்தான் வெடி வைப்பார்கள். நாள் முழுக்க வெள்ளைத் தூசி. வீட்டுக்குப் போனால் பேச்சு காதில் விழாது. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள், அக்கம்பக்கத்தில் சண்டை என்று நினைப்பார்கள். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதை நாங்கள் தோட்டத்தில் சொன்னது போலவே ‘பெரட்டு’ என்று சொல்வோம். நான் சேர்ந்த காலத்தில் பெரட்டுக் கொட்டகையில் உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே தேநீர் குடிப்போம்.

ஒரு நாள் எங்கள் சட்டையை மாற்றினார்கள். நிறுவனத்தின் பெயர் போய், குத்தகைக்காரரின் பெயர் வந்தது. அதே மலை, அதே டிரில், அதே காலணி. மருத்துவமனையில் காட்டுகிற அட்டை மட்டும் போய்விட்டது. பிறகு குத்தகைக்காரர் மாறினார், இன்னொரு சட்டை வந்தது. வெடி வைக்கிற வேலையை வெளியிலிருந்து வேனில் வருகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். கல் அள்ளுகிற பெரிய லோடர் வந்தது. அது ஒன்றே பழைய லோடர்கள் சிலவற்றின் வேலையைச் செய்தது. போனவர் போனவர்தான், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. எடுத்தாலும் வெளிநாட்டிலிருந்து பெர்மிட்டில் வருகிறவரை எடுத்தார்கள். கொட்டகையில் இப்போது பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

என் நெஞ்சில் தூசி சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் என்னை வாசலுக்குத் தள்ளினார்கள். “அண்ணே, ஒனக்கு என்னா, இனிமே நெழல்ல வேல” என்று மேற்பார்வையாளர் தோளில் தட்டினார். அந்த நிழலில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பியின் கதையும் இதுதான், மரத்தூள் வேறு, கல்தூள் வேறு, அவ்வளவுதான். அவன் காட்டில் ‘சந்தாய்வோங்’ ஓட்டினான். வெட்டிப் போட்ட மரத்தைக் கம்பிக் கயிறு கட்டிச் சரிவிலிருந்து இழுத்து வருகிற பழைய லாரி அது. பேர் சீனப் பேர், மலையின் ராஜா என்று அர்த்தமாம். “ராஜாதான் அண்ணே, பிரேக் இல்லாத ராஜா” என்பான். பிறகு எக்ஸ்கவேட்டர் ஓட்டினான், லோடர் ஓட்டினான். கைக்கு எதைக் கொடுத்தாலும் ஓட்டுவான். ஆனால் வெட்டுகிற காடு வருடத்துக்கு வருடம் தூரமாகிக்கொண்டே போனது. முகாம்கள் குறைந்தன. இப்போது கிரிக்கைத் தாண்டி மேலே எங்கேயோ ஒரு மலையில் இருக்கிறான். தகரக் கொங்சிக் கொட்டகையில் தூக்கம். கைப்பேசிக்கு ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். அவனோடு போன நம்மவர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்து ஜொகூர் பக்கம் டிரெய்லர் ஓட்டப் போய்விட்டார்கள். இவன் மட்டும் நின்றான். இந்தோனேசியக்காரர்களுக்குச் சம்பல் அரைத்துக் கொடுத்துக்கொண்டு அங்கேயே கிடந்தான்.

பிறகு தம்பி மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது.

வாரத்தில் மூன்று முறை ஈப்போவில் ரத்தம் கழுவ வேண்டும். கழுவி முடித்தால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அப்போது பக்கத்தில் ஆள் வேண்டும். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். என் மனைவி தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், நான் வாசலில் இருக்கிறேன். முடிந்த நாளில் யாராவது போவோம். முடியாத நாளில் தனியாகப் போவார். “மாமா, நீங்க லீவு கேட்டு நிக்காதீங்க. நான் என்னா பச்ச புள்ளயா? பஸ்ல போயிட்டு வாரேன்” என்பார்.

ஒரு நாள் அப்படிப் போனவர் திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தொடவில்லை. ஒருவன் ‘மாபோக்’ என்றானாம். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறாளாம். இதைத் தம்பி மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார். என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த முறை தம்பி மேட்டில் ஏறிக் கூப்பிட்டபோது இதைச் சொன்னேன்.

“அண்ணே, நீ கதவத் தொறந்து உடுற ஆளுதானே. எனக்கு ஒரு கதவு தொறக்கக் கூடாதா?”

“டேய், நான் தொறக்குறது காருக்குடா.”

“அப்ப நான் காரு வாங்கிட்டு வாரேன் இரு.”

சிரித்தான். அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அந்த அறிவிப்பு வந்தது. நான்தான் அதை வாசல் கம்பியில் கட்டினேன். லோடர் ஓட்டுநர்கள் தேவை. நேரடியாக நிறுவனத்தில் வேலை, குத்தகை இல்லை. உள்ளூர்க்காரர்கள் மட்டும். ஓட்டிக் காட்ட வேண்டும். வெளிநாட்டு ஆளுக்குப் பெர்மிட் கேட்பதற்கு முன்னால் உள்ளூரில் கேட்டுப் பார்த்தோம் என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறார்களே. நேரடி வேலை என்று எங்கள் வாசலில் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வேலை கிடைத்தால் தம்பி வீட்டில் இருப்பான். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு மனைவியைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவான். இவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

தேர்வு நாளைப் பார்த்தேன். ஆயுத பூசை.

எங்கள் குவாரியில் அன்று எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். எல்லா இயந்திரத்தையும் முதல் நாளே கழுவிவிடுவோம். காலையில் சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று. பூசாரி வந்து சூடம் காட்டுவார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னால் ஓட்டி நசுக்குவோம். அதற்கு அப்புறம்தான் வேலை. அதுவரைக்கும் யாரும் சாவியைத் திருப்ப மாட்டோம். ஒரு வருடம் அவசரமாகக் கல் கேட்டார்கள் என்று பூசைக்கு முன்னால் ஒருவர் லோடரை எடுத்தார். மலையின் மேல் தட்டிலிருந்து வண்டியோடு சரிந்துவிட்டார். முதல் நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். மண் இளகியிருந்தது எங்களுக்கும் தெரியும். நாங்கள்தானே அவரைத் தோண்டி எடுத்தோம். ஆனால் அதற்குப் பிறகு எவன் கையும் அன்று காலையில் சாவிக்குப் போவதில்லை.

முன்பு இருந்த சீன மேலாளருக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் முன்பே போய்ச் சொல்லிவிடுவோம். அவர் காலை வேலையைத் தள்ளி வைப்பார். வந்து ஓரமாக நிற்பார். முடிந்ததும் “காச்சாங் எங்கே?” என்று சுண்டலைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போவார். மலாய் மேற்பார்வையாளர்களுக்கும் சொல்லிவிடுவோம். அவர்களும் விட்டுவிடுவார்கள்.

உங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதுதான் நாங்கள் செய்த தப்பு. புது மேலாளர் தமிழர் என்றதும் அத்தனை பேரும் நிம்மதியாகிவிட்டோம். நம்மவருக்குப் போய் ஆயுத பூசையைப் பற்றி விளக்குவதா? அது மரியாதைக் குறைவு என்றுகூட ஒருவர் சொன்னார். அதைவிடக் கேவலம், அந்த நாளைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். “நல்ல நாளாப் பாத்து வச்சிருக்காரு அண்ணே. வேல கொடுக்கணும்னு மனசு இருக்குற ஆளு” என்றான் தம்பி. மரம் ஏற்றி வந்த ஒரு பாலாக் லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கி வந்திருந்தான். உடம்பெல்லாம் மரப்பிசின் வாடை. அவன் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்து, முதுகைத் தேய்த்துக் குளி என்று விரட்டினார்.

தேர்வு காலை எட்டு மணிக்கு. ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறேன் என்று பூசாரி சொல்லியிருந்தார். அவரும் லாரி ஓட்டுகிறவர்தான், நல்ல நாட்களில் பூசை செய்வார். அன்று காலை முதலில் செமோரில் ஒரு லாரிக்காரரின் பட்டறைக்குப் போயிருந்தார்.

வாசலை ஒட்டிய திடலில் லோடர் நின்றது. பெரிய மாலை போட்டிருந்தோம். தேர்வுக்கு வந்தவர்கள் சிலர் நின்றார்கள். நம்மவர்கள்தான் அதிகம். மலாய்க்காரர் ஒருவரும் இருந்தார். குத்தகையில் எங்களோடு ரொம்ப காலமாக லோடர் ஓட்டுகிறவர். கோப்பெங்கில் தமிழர்களோடு வளர்ந்தவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். பூசையில் கலந்துகொள்ள மாட்டார், தள்ளித்தான் நிற்பார். ஆனால் எலுமிச்சம்பழம் மட்டும் வருடா வருடம் அவர் வீட்டு மரத்திலிருந்துதான் வரும். அன்றும் ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தார்.

எட்டு மணி ஆகப் போகிறது, பூசாரியைக் காணவில்லை. கூப்பிட்டேன்.

“வந்துக்கிட்டே இருக்கேன் மச்சான்! இங்க ஒருத்தன் லாரி எல்லாத்துக்கும் காட்ட வச்சான். போலாம்னு பாத்தா இப்ப மாமியார் மோட்டர் சைக்கிளாம்!”

“இங்க தேர்வுய்யா.”

“தெரியும் லா. பறந்து வாரேன்.”

அப்போதுதான் உங்கள் கார் வந்தது.

நான் தடுப்புக் கட்டையைத் தூக்கினேன். கார் என்னைக் கடந்து போனபோது பார்த்தேன். முன்பக்கத்தில் மூன்று சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். இன்னும் ஈரமாக இருந்தது. கண்ணாடித் துடைப்பானில் ஒரு முழம் மல்லிகை. முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக்கொண்டு சுற்றியது. வாசனைகூட வந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சரி, இவருக்கு எல்லாம் தெரியும், நாம் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்தேன்.

நீங்கள் இறங்கினீர்கள். மாலை போட்ட லோடரைப் பார்த்தீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

“யாரு மொதல்ல?”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தம்பிதான் முன்னால் வந்தான்.

“சார், பூசாரி வந்துக்கிட்டு இருக்காரு. செமோர தாண்டிட்டாரு. ஒரு சூடம் காட்டிட்டா உடனே ஏறிடுவோம் சார்.”

“எனக்குக் கோலாலம்பூர்ல கூட்டம் இருக்கு. உங்க பூசாரிக்காக நான் நிக்க முடியாது.”

“அப்ப நானே காட்டிடறேன் சார், ரெண்டு நிமிஷம்...”

“இங்க டீசல் டாங்கி இருக்கு. நெருப்பு பத்த வைக்கக் கூடாது. பாதுகாப்பு விதி தெரியாதா? இதத் தெரியாதவங்களுக்கு எப்படி வேல கொடுக்கிறது?”

டீசல் தொட்டி திடலின் மறு கோடியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் யாரும் என்றைக்கும் சூடம் ஏற்றியதில்லை. நாங்கள் வாசலுக்கு வெளியே ஏற்றித்தான் தட்டைக் கொண்டு வந்து காட்டுவோம். இதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். “ஜாகா, நீங்க வாசல் கேட்டப் பாருங்க” என்றீர்கள்.

நீங்கள் மலாய்க்காரரைப் பார்த்து மலாயில் கேட்டீர்கள், நீயாவது ஏறுவாயா என்று. அவர் கையில் பையோடு நின்றார். “சாபார் லா என்சிக்” என்றார். பொறுமையாக இருங்கள் ஐயா என்று. உங்களுக்கு அது பிடிக்கவில்லை. “ஏன், உனக்கும் இந்தச் சாமியா?” என்று கேட்டீர்கள். அவர் தமிழில் பதில் சொன்னார்: “சாமி அவங்க சாமி சார். செத்துப்போனது என் கூட்டாளி.”

நீங்கள் காருக்குத் திரும்பினீர்கள்.

தம்பி அங்கேயே நின்றான். நான் வாசலிலிருந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் லோடரைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். பூசாரி வருகிற மாதிரி இல்லை. பிறகு செருப்பைக் கழற்றினான். ஏணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஏறினான்.

“டேய், வேணாம்டா! எறங்குடா!” என்று ஒருவர் கத்தினார்.

“பொண்டாட்டி விழுந்து கெடந்தப்ப எந்த மயிராண்டி தூக்குனான்? வுடு” என்று மேலே இருந்தே சொன்னான்.

சாவியைத் திருப்பினான். இயந்திரம் ஒரு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கரும்புகை வந்தது. மாலை ஆடியது. முன்வாளியைத் தூக்கினான், இறக்கினான், பின்னால் எடுத்து, கல் குவியலுக்கு நேராகத் திருப்பி ஒரு வாளி அள்ளினான். ஒரு கல் சிந்தவில்லை. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டது. நீங்கள் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கையை வீசினீர்கள், போதும் என்கிற மாதிரி. உட்கார்ந்தீர்கள். கண்ணாடியை ஏற்றினீர்கள். நான் தடுப்புக் கட்டையைத் தூக்கினேன். அது என் வேலை.

உங்கள் கார் திரும்பிய முனையிலேயே பூசாரியின் மோட்டார் சைக்கிள் வந்தது. தட்டும் மணியும் பையில் குலுங்கின. வண்டி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் முகம் மாறிவிட்டது. தம்பி இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். வாசலுக்கு வெளியே சூடம் ஏற்றினார்கள். அவன் பக்கத்தில் வரவில்லை. திடலின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றான். மலாய்க்காரர் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்தார். “வச்சுக்க லா. வூட்டுல தண்ணி கலக்கிக் குடி. முகம் பேய் மாதிரி இருக்கு” என்றார். தம்பி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று மாலை வீட்டில் அவன் மனைவிதான் முதலில் பேசினார்.

“சாமிக்கு முன்னாடி வண்டிய எடுத்தீங்களாமே?”

“எடுத்தேன்.”

“வேல?”

“சொல்லி அனுப்புவாங்களாம்.”

யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அவர் அவனைப் பார்த்தார். பிறகு அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பழம் இருந்ததைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அவன் சில நாள் காத்திருந்தான். மனைவியை ரத்தம் கழுவக் கூட்டிப்போனான், மயக்கம் தெளிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், கூட்டிவந்தான். அந்தச் சில நாட்களில் அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அது தேவையும் இல்லை. பிறகு முகாமிலிருந்து ஆள் அனுப்பினார்கள், வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று. அதே மாதிரி, காலியாக மேலே திரும்பிய ஒரு பாலாக் லாரியில் ஏறிப் போனான்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் மண்டபத்தில் பேசினீர்கள். ஒருவர்கூட ஏறவில்லை என்று.

பெர்மிட்டில் வரப்போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போதே இருக்கிறார்கள். வங்காளதேசத்துக்காரர் ஒருவர் என் காவல் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து, ஊரில் இருக்கிற மனைவியோடு கைப்பேசியில் பேசுவார். கத்திப் பேசுவார். அவருக்கும் காது போய்க்கொண்டிருக்கிறது. தேர்வில் தோற்றிருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன். பூசைக்காக ஒரு மணி நேரம் தர முடியாது என்று மட்டும் நீங்கள் சொல்லியிருந்தாலும், திட்டிவிட்டு விட்டிருப்பேன். இந்த ஊரில் முதலாளிகள் எங்களுக்கு நேரம் கொடுத்துப் பழக்கம் இல்லை. ஆனால் நீங்கள் காலையில் உங்கள் காருக்குப் பொட்டு வைத்து, பழம் நசுக்கி, அதற்கு அப்புறம்தான் சாவியைத் திருப்பிக்கொண்டு வந்தீர்கள். எங்களுக்கு அது சோம்பேறித்தனம் ஆகிவிட்டது. அதையும் மீறி ஒருத்தன் ஏறினான். அவனை இல்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

அந்த லோடர் இன்னும் ஆளில்லாமல்தான் நிற்கிறது. தினமும் நான் பார்க்கிறேன். மாலை காய்ந்து உதிர்ந்து, நார் மட்டும் கண்ணாடியில் தொங்குகிறது. பெர்மிட் இன்னும் வரவில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதாவது அந்த இடம் இன்னும் காலி. உள்ளூரில் ஒருவரும் ஏறவில்லை என்று நீங்கள் சொன்னது நிற்கிறவரைக்கும் அது என் தம்பிக்கு இல்லை. நேற்றும் அவன் மனைவி தனியாகத்தான் போனார். இப்போது ரத்தம் கழுவுகிற மையத்தின் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பேருந்துக்கு வருகிறார். நான் வேலை முடிந்து போகும்போது சில நாள் அங்கேயே இருக்கிறார். விளக்கை அணைத்துவிட்டார்களே என்று கேட்டால், “காத்து நல்லா வருது மாமா” என்கிறார்.

இதை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் வாசலில் எத்தனை ஜாகா இருக்கிறார்கள்? என்னை எடுத்துவிடலாம். எனக்கு அலுத்துவிட்டது, எடுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள். என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டாம். மண்டபத்தில் சொன்ன பொய்க்கு மண்டபத்தில்தான் பதில். அதே மேடை, அதே மைக், அதே ஆட்கள். நாசி லெமாக் நான் வாங்கி வருகிறேன். இரண்டே கேள்விதான். அன்று காலை உங்கள் காரின் சக்கரத்தில் இருந்தது என்ன? நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது லோடரின் மேல் உட்கார்ந்திருந்தது யார்?

மலாயில் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அப்புறம் தமிழிலும் சொல்லுங்கள்.